பழைய பிக்கப்பும் ஒரு மெயின் பட்டையும்

பழைய வண்டி வைத்திருப்பவர்களைப் பார்த்து எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இதுக்கெல்லாம் இன்னும் ஜாமான் கிடைக்குதா?" கிடைக்கிறது. ஆனால் யாரிடம் போய், எதைச் சொல்லிக் கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சென்ற ஆண்டு மாசி மாதத்தில் எங்கள் வீட்டு பிக்கப் வண்டிக்குப் பின்பக்க ஸ்பிரிங் பட்டை தேடி மூன்று வாரம் அலைந்தேன். பொள்ளாச்சியில் ஆரம்பித்து சங்ககிரி வரை போனது அந்த அலைச்சல். பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் யாருக்காவது உதவும் என்று இதை எழுதி வைக்கிறேன்.

வீட்டு வண்டி என்றேனே தவிர அது என்னுடையது அல்ல, என் தம்பியுடையது. 1988-ல் டாடாமொபைல் 206 என்று ஒரு பிக்கப் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு அதே வழியில் வந்ததுதான் 207. தம்பி வாங்கியது 207. அப்போது கம்பெனியின் பெயர் டெல்கோ. 2003-ல்தான் டாடா மோட்டார்ஸ் என்று ஆனது. வண்டியின் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனைமலைப் பக்கம் தம்பிக்குத் தென்னை நாற்றுப் பண்ணை. உடுமலை, பழனி என்று எங்கே யார் தென்னங்கன்று கேட்டாலும் அந்த வண்டியில்தான் போகும். வண்டியை அவன் கழுவித் துடைத்து வைத்திருந்ததைப் பார்த்தவர்கள் அதை மாடு வளர்ப்பதோடு ஒப்பிட்டுப் பேசுவார்கள்.

2021-ல் தம்பி போய்விட்டான். பண்ணையை அவன் மனைவி எடுத்து நடத்தத் தொடங்கினாள். மகன் டிப்ளமா மெக்கானிக்கல் முடித்துவிட்டு அம்மாவுக்குத் துணையாக வண்டி ஓட்டுகிறான். தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கிய கடனை, கன்று விற்று விற்றே மூன்று வருடத்தில் அடைத்தாள் அந்தப் பெண். அந்தக் கடைசித் தவணை கட்டி எட்டு மாதம்கூட ஆகவில்லை, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். எங்களுக்குப் பங்குனியில் கெடு. சாய்ந்த வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. தம்பி மகன் ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தான்.

"பெரியப்பா, இனி இதுக்கு ஜாமான் கெடைக்காதுங்க. எடைக்குப் போட்டுட்டுப் புதுசா ஒரு மினி லாரி எடுத்துக்கலாம். முன்பணம் கொஞ்சம் கட்டினா லோன் குடுக்கறாங்க."

அவன் அம்மா அவனுக்குப் பதில் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னாள். "மாமா, மறுபடி கடனுங்களா? அது மட்டும் வேண்டாமுங்க. வேற எதுனா வழி இருந்தா பாருங்க."

வேறு எதையும் அவள் கேட்கவில்லை. நான் வண்டி மெக்கானிக் அல்ல. முப்பத்து மூன்று வருடம் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். சங்கிலியும் டேப்பும் பிடித்த கைதான் என்னுடையது. ஆனாலும் அந்த வார்த்தைக்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் என்ன கோளாறு என்று பார்க்க வேண்டும் அல்லவா? பண்ணையில் தண்ணீர் பாய்ச்சிய வாய்க்கால் ஓரம் ஈரமாக இருந்தது. அதன்மேல் வண்டியை நேராக மெதுவாக ஓட்டச் சொன்னேன். இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத் தடத்தின்மேல் பின்சக்கரத் தடம் விழவில்லை, விலகி விழுந்திருந்தது. சில நாய்கள் உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு ஓடும், பார்த்திருப்பீர்கள். வண்டியும் அப்படித்தான் ஓடியிருக்கிறது.

பிறகு டேப்பை எடுத்தேன். முன் அச்சின் நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரை வலப்பக்கம் ஓர் அளவு, இடப்பக்கம் ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இடப்பக்கம் ஒன்றேகால் அங்குலம் கூடுதலாக இருந்தது. வயலில் நாற்கரத்துக்குக் குறுக்களவு எடுத்துச் சரிபார்ப்பதுபோல, வண்டிக்கு அடியிலும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு எடுத்தேன். அதுவும் ஒத்துவரவில்லை. பின் அச்சு இடப்பக்கம் பின்னுக்கு நகர்ந்திருக்கிறது. அச்சை அந்த இடத்தில் பிடித்துக்கொண்டிருப்பது ஸ்பிரிங் பட்டை. அதில்தான் கோளாறு.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நம் வயதுக்காரர்கள் வில்வண்டியில் ஏறியிருப்போம். சாதாரணக் கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் என்ன வித்தியாசம்? அச்சுக்கும் கூட்டுக்கும் நடுவில் அந்த வில் இருக்கும். ஒன்றின் கீழ் ஒன்றாக, நீளம் குறைந்துகொண்டே போகும் எஃகுப் பட்டைகள். பிக்கப்பின் பின்பக்கத்தில் இருப்பதும் அதே வில்தான். எல்லாவற்றிலும் நீளமானது மெயின் பட்டை. அதன் இரண்டு நுனியும் சுருட்டிக் கண் போல இருக்கும். கண்ணுக்குள் புஷ்ஷும் பின்னும். முன் கண் சட்டத்தோடு அசையாமல் பூட்டப்பட்டிருக்கும். பின் கண் மட்டும் ஷேக்கிள் என்ற ஊஞ்சலில் தொங்கும். ஏனென்றால் பாரம் ஏறும்போது வளைந்த பட்டை நிமிரும். நிமிர்ந்தால் நீளம் கூடும். அந்தக் கூடுதல் நீளத்துக்கு இடம் கொடுக்கத்தான் ஊஞ்சல்.

எல்லாப் பட்டைகளையும் நடுவில் துளைத்துக் கோர்ப்பது சென்டர் போல்ட். அதன் தலை, அச்சின் மேலுள்ள ஒரு குழியில் உட்காரும். அச்சு முன்னே பின்னே போகாமல் இருப்பதற்கு அந்தத் தலைதான் அடையாளக் கல். எங்கள் மொழியில் சொன்னால் சர்வே கல். அந்தக் கட்டை அச்சோடு இறுக்கிப் பிடிப்பவை யூ போல்ட்டுகள். யூ போல்ட் தளர்ந்தால் சென்டர் போல்ட்டின் மேல் எல்லாப் பாரமும் வந்துவிடும், பட்டையும் அந்தத் துளையில்தான் முறியும்.

எங்கள் ஊர் மெக்கானிக் யூ போல்ட்டுகளைக் கழற்றியதும் அதுவே தெரிந்தது. மெயின் பட்டை நடுத்துளையில் இரண்டாக முறிந்திருந்தது. இரண்டாம் பட்டையிலும் துளை ஓரத்தில் கீறல். சென்டர் போல்ட் அறுந்து இரண்டு துண்டு. மேலே யூ போல்ட் மூடியிருந்ததால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியவில்லை. கன்றுகளோடு பழனி சாலையில் போகும்போது அது மொத்தமாகக் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது கொஞ்ச நேரம் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். ஓட்டுகிறவன் எங்கள் வீட்டுப் பிள்ளை.

"வெல்டு வெச்சு ஓட்டலாமுங்க சர்வேயரய்யா. எஃப்.சி. வரைக்கும் நிக்கும்" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். மெக்கானிக்கே மறுத்துவிட்டார். ஸ்பிரிங் எஃகு மற்ற இரும்பு மாதிரி அல்ல. அதற்குப் பதம் ஏற்றியிருப்பார்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பதம் போய்விடும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே கண்ணாடி மாதிரி மறுபடி உடையும். பட்டையை மாற்ற வேண்டும், வேறு வழி இல்லை. அதுவும் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி அந்தப் பக்கம் தூக்கி நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும்.

தேடல் பொள்ளாச்சியில் தொடங்கியது. உதிரிபாகக் கடையில் யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ், ஷேக்கிள் பின் எல்லாம் பத்து நிமிடத்தில் எடுத்து வைத்துவிட்டார்கள். இவை பல வண்டிகளுக்குப் பொருந்துபவை என்பதால் இன்னும் ஓடுகின்றன. மெயின் பட்டை என்றதும் கடைக்காரர் கையை விரித்தார். "அது போயி ரொம்ப நாளாச்சுங்க சார். இப்ப கேக்கறவங்களே இல்லை."

அடுத்தது கோயம்புத்தூர். ஒரு பெரிய உதிரிபாக விற்பனையகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் பொறுமையாகச் சேசிஸ் எண்ணைத் தட்டிப் பார்த்தான். பாக எண் வந்தது. பக்கத்தில் இருப்பு என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. "ஆர்டர் போட்டாலும் வராதுங்க அங்கிள்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் பிறப்பதற்கு முன் ஓடத் தொடங்கிய வண்டி அது. எவ்வளவு நாளைக்குத்தான் ஒரு பொருளை அலமாரியில் வைத்திருப்பார்கள்?

ஆனால் திரும்பி வரும்போது ஒன்று மனதில் உறுத்தியது. அந்த எண்ணைத் தவிர அவனிடம் வேறு எதுவும் இல்லை. பட்டையின் நீளம் என்ன, அகலம் என்ன, கண்ணின் விட்டம் என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் இதுல இருக்காதுங்க" என்றான். நிலத்துக்கு சர்வே எண் மட்டும் இருந்து, புலப்படம் காணாமல் போனால் எப்படியோ அப்படி. எண்ணை வைத்துக்கொண்டு ஒரு முழம் எல்லையும் காட்ட முடியாது. அளவு இருந்தால் எண்ணே இல்லாமல் கல் நட்டுவிடலாம்.

மூன்றாவதாக உக்கடம். பழைய இரும்புக் கடைகளைப் பற்றிக் கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த முறை தம்பி மகனையும் அழைத்துக்கொண்டு போனேன். காயலான் கடைக்காரர் குவியலைக் கிளறி ஒரு பட்டைக் கட்டை இழுத்துப் போட்டார். ஏதோ பெரிய வண்டியிலிருந்து எடுத்தது. அகலம் சரியாக இருந்தது. நீளத்தைக்கூட வெட்டிச் சரிபண்ணலாம். தடிமன் மட்டும் ஒரு மில்லிமீட்டர் கூடுதல்.

"நல்லதுதானுங்களே, இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும். நூறு கன்னு சேத்து ஏத்தலாம்" என்றார் கடைக்காரர். மகனும் தலையை ஆட்டினான்.

"டேய், உன் பாடப் புத்தகத்துல இதுக்குக் கணக்கு இருக்குமே?" என்றேன்.

அவன் சற்று யோசித்தான். முகம் மாறியது. பட்டையின் அகலம் இரண்டு மடங்கானால் விறைப்பும் இரண்டு மடங்குதான் ஆகும். ஆனால் தடிமன் அப்படி அல்ல, அது மூன்று முறை பெருக்கப்படும். 7 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, கடை வாசலில் செல்போனிலேயே போட்டுப் பார்த்தான். ஏழை மூன்று முறை பெருக்கினால் 343. எட்டைப் பெருக்கினால் 512. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைப்பு. அத்தனை விறைப்பான பட்டை பள்ளத்தில் வளையாது. வளையாவிட்டால் அந்த அடி எங்கே போகும்? சட்டத்துக்கும் அச்சுக்கும் போகும். இருபது வருடம் தாண்டிய சட்டம் அதைத் தாங்காது. மேலே இருக்கும் தென்னங்கன்றின் வேர்மண்ணும் உதிர்ந்துவிடும்.

"வேண்டாமுங்க பெரியப்பா" என்று அவனே சொன்னான். வண்டியை எடைக்குப் போடலாம் என்ற பேச்சு அன்றோடு நின்றது. அதை அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து ஒரு படம் போட்டோம். முறிந்த இடப்பக்கப் பட்டையை விட்டுவிட்டு, நல்ல நிலையில் இருந்த வலப்பக்கத்தைக் கழற்றி அளந்தோம். கண்ணிலிருந்து கண்ணுக்கு நேர்க்கோட்டு நீளம் ஒன்று. பட்டையின் வளைவோடு டேப்பைப் படிய வைத்து எடுத்த நீளம் இன்னொன்று. முன் கண்ணிலிருந்து நடுத்துளைக்கு எவ்வளவு, நடுத்துளையிலிருந்து பின் கண்ணுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக. இது மிக முக்கியம், பல வண்டிகளில் இரண்டும் சமமாக இருக்காது. பிறகு அகலம், தடிமன், கண்ணின் உள்விட்டம், நடுத்துளையின் விட்டம். கடைசியாக வளைவு. இரண்டு கண்ணுக்கும் நடுவே நூல் கட்டி, நூலிலிருந்து பட்டை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மூன்று அங்குலத்துக்கு ஒரு தரம் குறித்தோம். புலத்தின் கோணலான எல்லையை இப்படித்தான் அளப்போம், அடிக்கோடு போட்டுச் செங்குத்தளவு எடுத்து. நாற்பது வருடத்துக்கு முன் படித்த வித்தை ஒரு பட்டைக்கும் உதவியது.

எங்கே கொடுத்துச் செய்வது? அதற்கு வழி சொன்னவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். "சங்ககிரிக்குப் போங்க சர்வேயரே. அங்க பட்டை அடிக்கற பட்டறை இருக்குது. லாரிக்காரன் கம்பெனிப் பட்டைக்குக் காத்திருந்தா வட்டி யாரு கட்டறது?" என்றார்.

சரியான பேச்சு. எங்கள் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் ஜி.டி.நாயுடு 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு ஓட்டத் தொடங்கியதை நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். அந்தக் காலத்தில் ஒரு பாகம் உடைந்தால் சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும். காத்திருந்தால் பஸ் ஓடுமா? கோவைப் பக்கத்தில் லேத்தும் வார்ப்படமும் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும்.

முறிந்த இரண்டு துண்டையும் நல்ல பட்டையையும் சாக்கில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். பத்துக் கிலோவாவது இருக்கும். பண்ணையில் கன்று ஏற்ற ஆள் வேண்டும் என்பதால் மகனை விட்டுவிட்டுத் தனியாகத்தான் போனேன். கோவையில் சேலம் பஸ் ஏறியதும் கண்டக்டர் சாக்கைத் தொட்டுப் பார்த்தார். வளைவாகக் கையில் தட்டியிருக்கிறது. என் நரைத்த தலையையும் பார்த்தார்.

"என்னங்க பெரியவரே, அருவாளுங்களா?"

"இன்னும் ஆகலைங்க. லாரிப் பட்டை மாதிரிதான், பிக்கப்போடது" என்றேன். பஸ்ஸே சிரித்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. திருப்பாச்சேத்தியில் அருவாள் அடிப்பது இந்த மாதிரிப் பழைய ஸ்பிரிங் பட்டையில்தான். வண்டியில் உழைத்து முடித்த எஃகு அங்கே போய்ச் சேரும். எங்களுடையதை அனுப்ப எனக்கு இன்னும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட அந்தக் கோட்டை மலை தெரிந்ததும் இறங்கிக்கொண்டேன். விசாரித்துப் போன பட்டறை ஒரு தகரக் கொட்டகை. நீளமான உலை, எண்ணெய்த் தொட்டி, சம்மட்டிகள், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் பழைய பட்டைகள். உரிமையாளருக்கு என் வயதிருக்கும்.

"ஏனுங்க, எந்த ஊருங்க? என்ன வண்டி?" என்று கேட்டவர், சொல்லச் சொல்லச் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தார். "அந்த மாடல் பட்டை நம்மகிட்ட மாதிரிக்கு இல்லீங்களே" என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. பிறகு அவரே, "நல்ல பட்டை ஒண்ணு கொண்டாந்தீங்களா?" என்றார். சாக்கை அவிழ்த்தேன். படத்தையும் நீட்டினேன்.

படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது யாருங்க போட்டது?"

"நானும் எங்க தம்பி மகனுமுங்க."

"வர்றவங்க ஒடைஞ்ச துண்டைத் தூக்கிட்டு வந்து இதே மாதிரி வேணும்பாங்க. ஒடைஞ்சதுல வளைவு எங்கீங்க இருக்குது?" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார்.

அவர் செய்ததைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நல்ல பட்டையைத் தரையில் பக்கவாட்டில் நிறுத்திச் சாக்பீஸால் அதன் வளைவை வரைந்துகொண்டார். இருபது வருடம் பாரம் சுமந்து கொஞ்சம் படிந்துபோயிருக்கும் என்று, நடுவில் அரை அங்குலத்துக்குக் குறைவாகத் தூக்கி இன்னொரு கோடு போட்டார். அதே அகலம், அதே தடிமனில் புது ஸ்பிரிங் எஃகுப் பட்டையை எடுத்து வெட்டினார். இதில் சிலிக்கானும் மாங்கனீசும் கலந்திருக்கும். வளைந்து வளைந்து நிமிர்வதற்கு அந்தக் கலப்புதான் காரணம். நடுத்துளையை முதலிலேயே போட்டுவிட்டார்கள். பதம் ஏற்றிய பிறகு துளை போட்டால் டிரில் பிட் தேயும், துளை ஓரமும் கெடும். நுனிகளைச் சிவக்கக் காய்ச்சி ஒரு உருளையின் மேல் சுருட்டிக் கண் செய்தார்கள்.

பிறகு முழுப் பட்டையும் உலைக்குள் போனது. செந்நிறம் ஆரஞ்சாக மாறும் சமயம் வெளியே இழுத்துச் சாக்பீஸ் கோட்டுக்கு வளைத்து எண்ணெய்த் தொட்டியில் இறக்கினார்கள். 850 டிகிரிக்கு மேல் சூடு இருக்க வேண்டும் என்று தம்பி மகன் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லி அனுப்பியிருந்தான். அங்கே மீட்டர் எதுவும் இல்லை. பெரியவரின் கண்தான் மீட்டர். எண்ணெயில் தோய்த்தால் எஃகு கல் மாதிரி இறுகும், ஆனால் கீழே போட்டால் உடையும். அந்த முறுக்கைத் தணிக்க மறுபடி மிதமான சூட்டில், 400-லிருந்து 500 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அதற்கு அவர் ஒரு காய்ந்த குச்சியை எடுத்துப் பட்டையின் மேல் இழுத்தார். நுனியில் சின்னப் பொறி விட்டது. "போதும்" என்றார்.

கடைசியாகப் பட்டையை அமுக்கி நிமிர்த்தி மூன்று முறை விட்டுப் பார்த்தார்கள். மூன்று முறையும் ஒரே கோட்டுக்குத் திரும்பி வந்தது. இரண்டு மெயின் பட்டை, கீறல் விட்டதற்கு ஒன்றும் மறுபக்கத்துக்கு ஒன்றுமாக இரண்டாம் பட்டை இரண்டு. எல்லாம் முடிய மறுநாள் சாயங்காலம் ஆனது. ஓர் இரவு லாட்ஜில் தங்கினேன்.

கூலியும் சாமானும் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது பெரியவர் ஒன்று கேட்டார். "அந்தப் பழைய நல்ல பட்டையை இங்க விட்டுட்டுப் போறீங்களா? மாதிரிக்கு ஆணியில மாட்டி வெச்சுக்கறேன். இதே வண்டி வெச்சிருக்கறவன் நாளைக்கு எவனாச்சும் வருவானுங்க. அவன் அலைய வேண்டாம் பாருங்க."

மறுக்க எனக்கு என்ன இருக்கிறது? தம்பி முதன்முதலில் வண்டியை ஓட்டி வந்தபோதே அதில் இருந்த பட்டை அது. சாக்பீஸால் அதன்மேல் வண்டியின் பெயரை எழுதிச் சுவரில் மாட்டினார். "உங்க பசங்க யாராச்சும் இந்த வேலை பாக்கறாங்களா?" என்று கேட்டேன். "ஒருத்தன் பெங்களூர்லீங்க, ஒருத்தன் பேங்க்லீங்க" என்று சிரித்தார். "நான் இருக்கற மட்டுக்கும் உலை எரியுமுங்க."

பஸ்ஸில் வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். எங்கள் வண்டிக்குப் பாகம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் குச்சியை இழுத்துப் பார்க்கத் தெரிந்தவர் இன்னும் எத்தனை பேர்?

பட்டைகளை மாட்டும்போது மகன் மெக்கானிக்கோடு சேர்ந்து வேலை செய்தான். இரண்டு விஷயங்களை இங்கே சொல்ல வேண்டும். யூ போல்ட்டைக் கழற்றினால் பழையதையே மறுபடி போடக் கூடாது. ஒருமுறை இறுக்கியதில் அது நீண்டிருக்கும், மறுபடி சரியாகப் பிடிக்காது. புதுசு போட்டாலும் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை மறுபடி இறுக்க வேண்டும். அடுத்தது, ரப்பர் புஷ் போட்ட வண்டிகளில் கண்ணின் போல்ட்டை, ஜாக்கியில் தூக்கி வைத்திருக்கும்போதே கடைசி இறுக்கு இறுக்கிவிடக் கூடாது. சக்கரம் தரையில் இறங்கி வண்டியின் பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும்.

மாட்டி முடித்ததும் டேப்பை எடுத்து வலப்பக்கம் இடப்பக்கம் இரண்டையும் அளந்தேன். ஒரே அளவு. குறுக்களவும் ஒத்தது. முதல் சில நாள் வண்டி பின்பக்கம் கொஞ்சம் தூக்கி நின்றது. புதுப் பட்டை உட்கார நாளாகும் என்று பெரியவர் சொல்லியிருந்தார். மூன்றாவது வாரம் சரியாகிவிட்டது. பங்குனியில் எஃப்.சி.யும் கிடைத்தது.

மொத்தச் செலவு, என் பஸ் டிக்கெட், லாட்ஜ் வாடகை எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரத்துக்குள் முடிந்தது. புது வண்டிக்கு ஒன்றரை மாதத் தவணைகூட ஆகாது. தம்பி மனைவி அந்தப் பணத்தைக் கன்று விற்ற பணத்திலிருந்து எண்ணி என் கையில் கொடுத்தாள். நான் வேண்டாம் என்றதற்கு, "இல்லீங்க மாமா, பண்ணைக் கணக்குல வரட்டும்" என்றாள். வாங்கிக்கொண்டேன். அந்தப் பெண் யாருக்கும் கடன்படாமல் நிற்க விரும்புகிறாள். அதை நான் ஏன் கெடுக்க வேண்டும்?

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரே ஒரு யோசனை. வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் நூலும் எடுத்துக்கொண்டு அடியில் போய் ஸ்பிரிங் பட்டையை அளந்து எழுதி வைத்துவிடுங்கள். கண்ணுக்குக் கண், கண்ணுக்கும் நடுத்துளைக்கும், அகலம், தடிமன், வளைவு. பட்டைகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். பாக எண் ஒருநாள் கம்ப்யூட்டரிலிருந்து போய்விடும். அளவு இருந்தால் உலை எரியும் எந்த ஊரிலும் பட்டை கிடைக்கும். எங்கள் படத்தை மகன் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருக்கிறான். இப்போது முன்பக்கத்தையும் அளக்க ஆரம்பித்துவிட்டான். டேப்பின் மறுநுனியைப் பிடிக்க என்னைக் கூப்பிடுகிறான்.